மாட்சிமை குடியிருந்த அங்கி

எங்கள் ரெக்டருக்கு வயிற்றுப்போக்கு வந்தால்கூட அது மாட்சிமைக்குத்தான் வரும். "மாட்சிமைக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல, பால் ஊத்தாத காபி போதுமாம்" என்று அவருடைய அறையிலிருந்து சொல்லி அனுப்புவார்கள். மாட்சிமையின் கார் டயரில் காற்று இறங்கும். மாட்சிமை மூக்குக்கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடும். மாட்சிமையின் மாமியார் படியேறி வந்தால், மாட்சிமை ஊரில் இல்லை என்று நான் சொல்ல வேண்டும். உம்புரானா பல்கலைக்கழகத்தில் காபி கொடுக்கும் எடிலெவுசா நான்தான். இந்தச் சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறேன் என்று எண்ணினால் சம்பளம் கூட்டிக் கேட்கத் தோன்றும், அதனால் எண்ணுவதில்லை.

பிரேசிலில் பல்கலைக்கழகத்தின் தலைவரான ரெக்டரை "தங்கள் மாட்சிமை" என்று அழைப்பதுதான் முறை. நீதிபதிக்கு ஒரு சொல், பிஷப்புக்கு ஒரு சொல், மேயருக்கு ஒரு சொல் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு "ஏய்" இருக்கிறது. அது தேயாமல் உழைக்கும் சொல். அதற்காக யாரும் இதுவரை சண்டை போட்டதில்லை.

அந்த வருஷம் மாநிலத்துக்குப் புது ஆளுநர் வந்தார். எளிமையானவன் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர். தன் எளிமையை நாட்டுக்கு அறிவிப்பதற்காக அரண்மனை முற்றத்தில் பேண்டு வாத்தியம் வைத்து, குதிரைப் போலீசை வரிசையாக நிறுத்தி, வாணம் விட்டு, ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். இனி மாநில அலுவலகங்களில் எந்த மனிதரையும் "ஐயா", "அம்மா" என்று மட்டுமே அழைக்க வேண்டும். மீறினால் சம்பளம் பிடிக்கப்படும். கையெழுத்துப் போட்ட பேனாவைத் தட்டில் ஏந்தி எடுத்துப்போக இரண்டு பேர் தனியாக நின்றார்கள்.

ஆணை எங்கள் ரெக்டர் டாக்டர் எவரால்டோ மோந்தினேக்ரோவின் கைக்கு வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். படித்தார். கோப்பை பாதி வழியில் நின்றது. எழுந்துபோய்க் கண்ணாடியைப் பார்த்து, "ஐயா" என்று சொல்லிப் பார்த்தார். கண்ணாடியில் இருந்தவருக்கும் அது பிடிக்கவில்லை. உடனே பல்கலைக்கழகக் கவுன்சிலைக் கூட்டச் சொன்னார்.

கவுன்சில் கூட்டத்தில் காபி ஊற்றிக்கொண்டே அவர் பேச்சு முழுவதையும் கேட்டேன்.

"எனக்காக நான் பேசல," என்றார். "நான் ரொம்ப எளிமையான ஆளு. என் எளிமையைப் பத்தி நானே மூணு புத்தகம் எழுதியிருக்கேன். பல்கலைக்கழகச் செலவுலதான் அச்சாச்சு, நீங்க எல்லாரும் படிச்சிருப்பீங்க. ஆனா பட்டம் எங்கேருந்து வருது? எங்கிட்டேருந்தா? மாட்சிமைகிட்டேருந்து வருது. ஐயான்னா யாரு? ரொட்டிக் கடையில வரிசையில நிக்கறவரு. அவரு ஒரு பொண்ணு தலையில தொப்பிய வச்சு 'இனிமே நீ நர்ஸ்'னு சொன்னா, அவ நர்ஸ் ஆயிடுவாளா? அவ ஊசி போட்டு யாராவது செத்தா யாரு பொறுப்பு? ஐயாவா? மாட்சிமைய எடுத்துட்டாங்கல்ல, பட்டத்தையும் சேர்த்து எடுத்துட்டுப் போகட்டும்."

கவுன்சில் எழுந்து நின்று கைதட்டியது. அன்றிலிருந்து உம்புரானா பல்கலைக்கழகத்தில் யாருக்கும் பட்டம் இல்லை என்று ஆயிற்று.

அவர் உதாரணத்துக்குச் சொன்னது போலவே நர்ஸ் பட்டத்துக்குக் காத்திருந்தவள் என் ஞானமகள் ஜூஸிலேனி. அவளுக்கு ஞானஸ்நானம் செய்தபோது கோவிலில் அவளை ஏந்தி நின்றவள் நான். அதனால் அவள் அப்பா லவுடெலினோ என்னைக் "கொமாத்ரே" என்று முறை சொல்லி அழைப்பார். பல்கலைக்கழக வாசலில் மோட்டார் பைக் டாக்சி ஓட்டுகிறவர் அவர். மனைவி போன பிறகு அந்த வண்டியின் பின் இருக்கையில் வைத்தேதான் மகளை வளர்த்தார் என்று சொல்லலாம்.

ஜூஸிலேனி நர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள். பரீட்சைகளும் முடிந்துவிட்டன. மலைக்கு அந்தப் பக்கம் ரியாஷோ சேகோ என்ற ஊரின் சுகாதார நிலையத்துக்கு ஆள் எடுக்கும் தேர்விலும் முதலாவதாக வந்திருந்தாள். அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அங்கே போய்ப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் வேலை இரண்டாவதாக வந்தவளுக்கு. அந்த இரண்டாவது பெண் ரியாஷோ சேகோ மேயரின் மருமகள். அவள் வெள்ளைக் கோட்டுகூடத் தைத்து வைத்துவிட்டதாகக் கேள்வி.

பொறுப்பேற்கப் பட்டம் வேண்டும். எங்கள் வழக்கத்தில், ரெக்டர் கறுப்புத் தொப்பியைத் தலைமேல் பிடித்து, "உனக்குப் பட்டம் அளிக்கிறேன்" என்று வாயால் சொல்லும்வரை யாரும் எதுவும் ஆகிவிட மாட்டார்கள். எத்தனை வருஷம் படித்திருந்தாலும் படித்த பெண், அவ்வளவுதான். அவசரக்காரர்களுக்கு ரெக்டர் தன் அறையிலேயே தொப்பியை வைத்து அனுப்புவதுண்டு. காபி ஆறுவதற்குள் முடிகிற காரியம் அது.

லவுடெலினோ தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரெக்டர் அறை வாசலுக்கு வந்தார். அங்கே சடங்குப் பிரிவின் தலைவி டோனா க்ளெயோனிஸி உட்கார்ந்திருப்பாள். யார் முதலில் நடக்க வேண்டும், யார் எவ்வளவு குனிய வேண்டும் என்பதெல்லாம் அவள் கையில் இருக்கிறது.

"உள்ள போனதும் அவரை என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

"மாட்சிமைன்னு."

"அது ஆணைய மீறின மாதிரி. என் சம்பளம் போயிடும்."

"அப்ப ஐயான்னு கூப்பிடறேன்."

"அவரு திரும்பிப் பார்க்க மாட்டாரு."

"எதுவுமே கூப்பிடாம விஷயத்த மட்டும் சொல்லிடட்டுமாம்மா?"

"கூப்பிடாமப் பேசினா அது பேச்சுல சேராது, சத்தத்துல சேரும். அன்னிக்கு ஒருத்தர் ஓடி வந்து 'தீ, தீ'ன்னாரு. யாரைக் கூப்பிடறாருன்னே தெரியல. நாங்க காதுல வாங்கிக்கல."

"அப்புறம்?"

"ரசாயனக் கூடத்துல பாதி போச்சு," என்றாள் அவள். முறை தவறாமல் போனதில் அவளுக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

லவுடெலினோ எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டார். ரெக்டரின் எதிரில் நின்று, என்ன சொல்வது என்று தெரியாமல் இருமினார். ரெக்டர் அவரை ஊடுருவி, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு மணியை அடித்து க்ளெயோனிஸியைக் கூப்பிட்டு, அறைக்குள் ஒரு இருமல் இருக்கிறது, வெளியே அனுப்பு என்றார்.

அதற்குள் கவுன்சில் ஒரு கமிட்டி போட்டிருந்தது. மாட்சிமை என்பது எங்கே தங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது கமிட்டியின் வேலை. இடம் தெரிந்தால்தானே ஆளுநரிடமிருந்து அதைக் காப்பாற்ற முடியும். கூட்டம் நாள் முழுக்க நடந்தது. காபி சுமந்தே எனக்குத் தோள் விட்டுப்போனது. சிந்தனையில் இருக்கிறது என்றார் தத்துவப் பேராசிரியர். பொருளாதாரப் பேராசிரியர் பட்ஜெட்டில் இருக்கிறது என்றார். சரித்திரக்காரர் அது போர்ச்சுகலிலிருந்து கப்பலில் வந்தது, துறைமுகத்தில் விசாரிக்கலாம் என்றார். மருத்துவத் துறையினர் விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கலாம் என்று ரெக்டரைப் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். வாயுவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

முட்டி மோதி நின்றபோது சட்ட ஆலோசகர் டாக்டர் இப்போலிட்டோ எழுந்தார். மெலிந்த மனிதர், எப்போதும் சளி பிடித்தவர் போலப் பேசுவார்.

"ஆணைய நான் வரி வரியாப் படிச்சேன்," என்றார். "'எந்த மனிதரையும்'னுதான் போட்டிருக்கு. துணியப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது. ரெக்டருக்குன்னு ஒரு வெள்ளை அங்கி இருக்கு. எத்தனையோ ரெக்டர் வந்தாங்க, போனாங்க, செத்தாங்க. அங்கி அதேதான். அப்ப மாட்சிமை யாருகிட்ட இருந்திருக்கு? நிதானமா யோசிங்க."

சபை நிதானமாக யோசித்தது. யோசித்து முடித்தபோது எல்லாருடைய முகத்திலும் வெளிச்சம். ரெக்டர் முகத்திலும்தான்; இந்த யோசனையால் தனக்கு என்ன ஆகும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

மறுநாளே அங்கி பதவிக்கு வந்தது. ரெக்டர் அறையில் நல்ல மரத்தில் ஒரு தாங்கி செய்து அதில் மாட்டினார்கள். ஏசியை அதன் பக்கம் திருப்பினார்கள். வெளியே போகும்போது காரின் பின் இருக்கையில் அங்கி. பெல்ட் போட்டு விடுவார்கள். ரெக்டர் முன்னால் டிரைவர் பக்கத்தில். தினமும் காலையில் அங்கியின் முன்னால் நான் காபி வைக்க வேண்டும், ஆறியதும் எடுக்க வேண்டும். "தங்கள் மாட்சிமை, காபி" என்று சொல்லி வைப்பேன். எத்தனையோ அதிகாரிகளுக்குக் காபி கொடுத்திருக்கிறேன். சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத முதல் அதிகாரி அந்த அங்கிதான்.

பேராசிரியர்கள் உள்ளே வருவார்கள். நேராக அங்கியிடம் போய்க் குனிவார்கள். பக்கத்தில் சட்டையும் பேண்டுமாக நிற்கும் மனிதரை யாரும் கவனிப்பதில்லை. ஒரு நாள் தாங்க முடியாமல் அவர், "நானும் இங்கதான் இருக்கேன்" என்றார். குனிந்திருந்த விவசாயப் பேராசிரியர் தலையைத் தூக்காமலே, "சரிங்க ஐயா" என்றார். அதற்குப் பிறகு ரெக்டர் வீட்டுக்குப் போனார். வியாழக்கிழமை வரவில்லை.

இதற்கிடையில் லவுடெலினோ தினமும் வாசலில் என்னைப் பிடித்துக் கேட்பார், ஏதாவது வழி பிறந்ததா என்று. அங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "துணியோ மனுஷனோ, வெள்ளிக்கிழமைக்குள்ள அவ தலையில தொப்பி விழுந்தாப் போதும் கொமாத்ரே" என்றார். க்ளெயோனிஸியும் இரங்கி, வெள்ளிக்கிழமை காலையில் விழாவுக்கு ஏற்பாடு செய்தாள். ரியாஷோ சேகோ போகிற ஒரே பஸ் மதியம் பன்னிரண்டு மணிக்கு. லவுடெலினோவின் வண்டி ஊருக்குள் சுற்றத்தான் லாயக்கு, மலை ஏறும் நிலையில் இல்லை. அதனால் விழா முடிந்ததும் ஜூஸிலேனி பையோடு நேராகப் பஸ்ஸுக்கு ஓடுவது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை பெரிய மண்டபத்தில் கவுன்சில் முழு உடையில் வந்து உட்கார்ந்தது. வாத்தியக்காரர்கள் வந்தார்கள். அங்கியைத் தாங்கியோடு நாலு பேர் தூக்கி வந்து மேடையில் வைத்தார்கள். ரெக்டர் மட்டும் வரவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். "நான் ஒண்ணும் கோட்டு மாட்டுற கொம்பு இல்ல, போய்ச் சொல்லு" என்று ஜன்னல் வழியாகவே பதில் வந்தது.

அங்கிக்கு மாட்சிமை இருக்கிறது, வாய் இல்லை. பட்டம் அளிக்கிறேன் என்று சொல்ல ஒரு வாயும், தொப்பியைப் பிடிக்க ஒரு கையும் வேண்டும். துறைத் தலைவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். சட்டத்துறை அங்கிக்குள் போனால் மருத்துவத்துறை எப்படிக் குனியும்? மருத்துவம் போனால் பொறியியல் மண்டபத்தை விட்டே வெளியேறும். ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்ததில் அங்கியின் தையல் விட்டுவிடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது. ஜூஸிலேனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

இப்போலிட்டோ மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: சொந்தமாக எந்தப் பெருமையும் இல்லாத ஓர் உடம்பை உள்ளே வைத்தால் யாருக்கும் சண்டை வராது. சொல்லிவிட்டு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். கடைசி வரிசையில் தலைக்கவசத்தோடு லவுடெலினோ உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குப் பட்டம் ஏதாவது?"

"நாலாவதோட நின்னுட்டேன் ஐயா."

"பதவி?"

"இல்லீங்க."

"வேற ஏதாவது பெருமை?"

லவுடெலினோ யோசித்தார். "எம் பொண்ணு நர்ஸு."

"அது இன்னும் ஆகல."

"அப்ப ஒண்ணும் இல்லீங்க."

"ரொம்ப நல்லது," என்றார் இப்போலிட்டோ. கவுன்சில் முழுவதும் கை தூக்கியது.

அங்கி அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அவர் மேடையில் திரும்பியதும் சபை முழுவதும் எழுந்து இடுப்புவரை குனிந்தது. லவுடெலினோ பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகுதான் மெல்ல நிமிர்ந்தார். அந்த நிமிர்வு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் வழக்கம்போலக் காபியை நீட்டி, "இந்தாங்க லவுடெலினோ" என்றேன். அவர் வாங்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். க்ளெயோனிஸி என் விலாவில் இடித்தாள். "மாட்சிமைக்குக் காபி" என்றேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "சூடு பத்தல" என்றார். கரப்பான் விழுந்த காபியைக்கூட எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கிற மனுஷன் அவர். எனக்குச் சுருக்கென்றது; அந்த நிமிஷம் அவரை அறைந்திருப்பேன்.

தொப்பியை வைத்து ஒரு வரி சொன்னால் முடிந்தது. அவர் பேச ஆரம்பித்தார். பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"நான் ரொம்ப எளிமையான ஆளு," என்றார். பேராசிரியர்கள் தலையாட்டினார்கள். "வெயில்ல, மழையில வண்டி ஓட்டுறவன். இந்த வாசல்ல எத்தனை வருஷமா நிக்கறேன். உங்கள்ல எத்தனையோ பேரைப் பின்னால உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கேன். ஒருத்தர்கூட பேரு கேட்டதில்ல." பேராசிரியர்கள் இன்னும் பலமாகத் தலையாட்டினார்கள். சொன்னது நியாயம்தான், அங்கி இல்லாமல் சொல்லியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். ஆனால் அதோடு நிற்கவில்லை. சாலைகளைப் பற்றிப் பேசினார். பொறியியல் துறைக்கு யோசனை சொன்னார். இளைஞர்கள் கெட்டுப்போனதைப் பற்றி வருத்தப்பட்டார். ஜூஸிலேனி இரண்டு தடவை கையைக் காட்டினாள். மாட்சிமை அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஒரு வழியாகத் தொப்பியை எடுத்தார். மேடைக்குக் கீழே நின்ற மகள் தலைக்கு மேலே பிடித்தார். கை இறங்கவில்லை.

"பட்டம் வாங்குறவங்க," என்று க்ளெயோனிஸியிடம் திரும்பிக் கேட்டார், "என்னை என்னன்னு கூப்பிடணும்?"

ஜூஸிலேனி தன் அப்பா முகத்தைக் கீழிருந்து பார்த்தாள். கோபம் இல்லை. காய்ச்சல் எவ்வளவு என்று பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"தங்கள் மாட்சிமை," என்றாள்.

"உனக்குப் பட்டம் அளிக்கிறேன்," என்றார் அவர். தொப்பி தலையில் உட்கார்ந்தது. அதே நேரம் வெளியே பஸ் ஹாரன் அடித்தது. ஜன்னல் வழியாக எல்லாரும் பார்த்தோம்: ரியாஷோ சேகோ பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு முனை திரும்பிப் போனது.

லவுடெலினோ தொப்பியிலிருந்து கையை எடுத்தார். மேடையிலிருந்து இறங்கப் போனார். க்ளெயோனிஸி தடுத்தாள். கூட்டம் முடியும்வரை அங்கியைக் கழற்றக் கூடாது. தேசிய கீதம் இரண்டு பகுதியும், பல்கலைக்கழகக் கீதம் எல்லா அடிகளும், அப்புறம் நன்றியுரை, அதன் பிறகுதான் கூட்டம் முடியும். "மாட்சிமை பைக்ல ஏறக் கூடாது" என்றும் சொன்னாள். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வாத்தியம் ஆரம்பித்தது.

ஜூஸிலேனி மேடைமேல் ஏறினாள். "கொஞ்சம் கையத் தூக்குங்க," என்றாள். அவர் தூக்கினார். கவுன்சில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, படுக்கையில் கிடக்கும் நோயாளியின் உடையை விலக்குவது போல மாட்சிமையின் அங்கியைத் தூக்கி, பேண்டுப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தாள். அங்கியைப் பழையபடி இழுத்துவிட்டாள். தொப்பியைக்கூடக் கழற்றாமல் வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம்தான் அவரை எழுப்பியது. "பெட்ரோல் இல்ல," என்றார்.

"மாட்சிமை பெட்ரோலப் பத்தியெல்லாம் பேசக் கூடாது," என்றாள் க்ளெயோனிஸி.

"சுத்தமா இல்லம்மா. பெட்ரோல் பங்கு வரைக்கும்தான் வரும். அவகிட்ட காசு இருக்கோ இல்லையோ." சொல்லிக்கொண்டே மேடையிலிருந்து குதித்தார். அங்கியை இரண்டு கையாலும் முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு முறை உண்டு. மாட்சிமை நடந்தால் கவுன்சில் பின்னால் நடக்கும். பதவி வரிசையில், ஒருவரை ஒருவர் முந்தாமல். மாட்சிமை ஓடினால் என்ன செய்வது என்று எங்கும் சொல்லப்படவில்லை. அதனால் ஓடினார்கள். சட்டத்துறைக்குப் பின்னால் மருத்துவத்துறை, அதற்குப் பின்னால் பொறியியல். மூச்சு வாங்கினாலும் வரிசை கலையவில்லை. வாத்தியக்காரர்கள் பாதிக் கீதத்தை ஊதிக்கொண்டே பின்னால் வந்தார்கள். காபித் தட்டோடு நானும் போனேன். எனக்கும் விட்டுவிட மனசில்லை, வரிசையில் இடமும் இல்லை, அதனால் கவுன்சிலை முந்திவிட்டேன். தெருவில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்து, எந்தப் புனிதரின் திருநாள் என்று தெரியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் வெடிகூடப் போட்டான்.

பெட்ரோல் பங்கில் ஜூஸிலேனி வண்டியை நிறுத்திப் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். லவுடெலினோ மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தார். சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துப் பங்குக்காரர் கையில் திணித்தார்.

"மகளே, அங்க நான் உங்கிட்ட கேட்டது இருக்கே..."

"அதுக்கு அப்புறம் திட்டறேன்ப்பா. இப்ப நேரம் இல்ல. அதைக் கழட்டிட்டு ஏறுங்க, சக்கரத்துல சிக்கும்."

அவர் கழற்றினார். எங்கே வைப்பது என்று பார்த்துவிட்டு டீசல் பம்பின் கொக்கியில் மாட்டினார். "மலையில வண்டி நின்னா?" என்று கேட்டார். "ரெண்டு பேரா சேர்ந்து தள்ளலாம்" என்றாள். அப்பா முன்னால், தொப்பி வைத்த மகள் பின்னால். வண்டி புகை கக்கிக்கொண்டு மலைப்பக்கம் போனது.

கவுன்சில் வந்து சேர்ந்தபோது மாட்சிமை டீசல் பம்பில் இருந்தது. எல்லாரும் நின்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பம்புக்குக் குனிந்தார்கள். அங்கியை எடுத்துக் கொண்டுபோக யாருக்கும் துணிச்சல் இல்லை. மாட்சிமையைத் தொட மாட்சிமையின் அனுமதி வேண்டும் என்றார் இப்போலிட்டோ. வெங்காய லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு இறங்கி வந்தார்.

"யாருதுப்பா இந்தத் துணி?" என்றார். கூப்பிடாமல் பேசினதால் யாரும் பதில் சொல்லவில்லை. அவர் அங்கியை எடுத்து, எண்ணெய் அளவு பார்த்த கம்பியை அதில் துடைத்தார், கையையும் துடைத்தார், பழைய டயர்க் குவியல் மேல் வீசிவிட்டு டீசல் போட்டுக்கொண்டார். கவுன்சில் ஒரே மாதிரி திரும்பி டயர்களுக்குக் குனிந்தது.

விஷயம் கேள்விப்பட்டு ரெக்டரும் வந்தார். டயர் மேல் கிடந்த அங்கியைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. எடுக்கப் போனவரை இப்போலிட்டோ தடுத்து, கூட்டம் இன்னும் முடியவில்லை, பின்னால் போய் நில்லுங்கள் என்றார். அவரும் போய் நின்றார். எனக்கு முதல் தடவையாக அந்த மனிதர்மேல் இரக்கம் வந்தது; தட்டில் மிச்சமிருந்த காபியைக் கொடுத்தேன். மடக்கென்று குடித்துவிட்டு நன்றி சொன்னார்.

வெயில் சாயும் நேரம். கவுன்சில் எண்ணெய் டின்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கீதம் முடியாமல் மாட்சிமை மண்டபத்தை விட்டு ஓடியதால் ஜூஸிலேனியின் பட்டம் செல்லுமா செல்லாதா என்று விவாதித்துக்கொண்டிருந்தது. என் போன் அடித்தது. லவுடெலினோ.

"கையெழுத்துப் போட்டுட்டா கொமாத்ரே," என்றார். "கதவைச் சாத்தப் போனாங்க. காலை உள்ள வச்சுட்டா. மேயரோட மருமக கோட்டோட அங்கதான் நின்னா."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சந்தோஷமாக அழுதுவிட்டு, இங்கே நடப்பதையும் சொன்னேன். பட்டம் செல்லாது என்று கவுன்சில் ஓட்டுப் போடும் போலிருக்கிறது, அப்படி வந்தால் என்ன செய்வாள் என்று அவளிடம் கேளுங்கள் என்றேன்.

போனை அணைக்காமல் கீழே வைத்துவிட்டு அவர் போய்க் கேட்பது காதில் விழுந்தது. எங்கேயோ ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. பிறகு திரும்பி வந்தார்.

"அவ கை வேலையா இருக்கா," என்றார். "வாசல்லயே ஒரு குழந்தை காய்ச்சலோட கிடந்துச்சு, ஊசி போட்டுட்டா. செல்லாதுன்னு முடிவாச்சுன்னா, போட்ட ஊசிய எப்படித் திரும்ப எடுக்கறதுன்னு அவங்ககிட்ட கேட்டுச் சொல்லச் சொல்றா."